லைன்ஸ்மேன் பதில்கள்

இந்த மாதக் கடிதங்களில் பாதி ரெஃப்ரியைத் திட்டி வந்தவை. மீதியில் முக்கால்வாசி, அணி ஊரை விட்டுப் போன வயிற்றெரிச்சல். பெங்களூர் ஃபுட்பால் லீக்கில் 22 வருஷம் லைன்ஸ்மேனாகக் கோட்டோரம் கொடி பிடித்து ஓடியவன் என்பதால் முதல் ரகத்தை எனக்கே விழுந்த திட்டாக வாங்கிக்கொண்டேன். பழகினதுதான்.

ஆட்டோ ஓட்டுநர், கௌதமபுரம்: அண்ணே, நான் டீ குடிக்கிற பேக்கரியின் சேட்டன் கேரளா பிளாஸ்டர்ஸ் கட்சி. கண்டீரவா ஸ்டேடியத்தில் நம் பெங்களூர் எஃப்சியின் சேத்ரி அடித்த அந்த ஃப்ரீ கிக்கை வைத்து இன்னும் தினமும் வம்பு. அது கோலா, இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

கோல்.

கேட்டபடி ஒரே வார்த்தை கொடுத்துவிட்டேன். ஆனால் இதை மட்டும் சேட்டனிடம் காட்டினால் நாளையிலிருந்து உங்கள் டீயில் தண்ணீர்தான் இருக்கும். மிச்சத்தையும் படித்துவிட்டுப் போங்கள்.

2023 மார்ச் 3. இந்தியன் சூப்பர் லீக் நாக் அவுட் ஆட்டம். 90 நிமிஷம் ஆடியும் கோல் இல்லை, கூடுதல் நேரத்துக்குப் போனது. 96-வது நிமிஷம் பெனால்டி பெட்டிக்கு வெளியே நமக்கு ஃப்ரீ கிக். அவர்கள் கோல்கீப்பர் தன் ஆட்களைச் சுவராக நிறுத்திக்கொண்டிருக்கும்போதே சேத்ரி பந்தைத் தூக்கி வலைக்குள் போட்டுவிட்டார். பிளாஸ்டர்ஸ் கோச் வுகோமனோவிச் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு மைதானத்தை விட்டே வெளியேறினார். திரும்பவில்லை. பிற்பாடு இந்தியக் கால்பந்துச் சங்கம் அந்த அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதமும் அவருக்கு 10 ஆட்டத் தடையும் போட்டது.

சட்டம் இதுதான். ஃப்ரீ கிக் கிடைத்தவன் பந்தை வைத்து உடனே அடிக்கலாம், அதற்கு விசில் வேண்டியதில்லை. 'சார், இவங்களைத் தள்ளி நிக்கச் சொல்லுங்க' என்று கேட்டுவிட்டால் கதை வேறு. ரெஃப்ரி 9.15 மீட்டர் தள்ளி நிறுத்துவார், அப்புறம் அவர் ஊதாமல் பந்தைத் தொடக்கூடாது. அன்றைக்கு நடந்தது முதலாவதா இரண்டாவதா என்பதுதான் மொத்தச் சண்டையும். சுவரும் வேண்டாம் விசிலும் வேண்டாம் என்று ரெஃப்ரியிடம் சொல்லிவிட்டுத்தான் அடித்தேன் என்பது சேத்ரி கட்சி. ரெஃப்ரி ஏற்கனவே எங்கள் ஆளை நகர்த்த ஆரம்பித்துவிட்டார், அப்படியானால் விசிலுக்குக் காத்திருக்க வேண்டாமா என்பது சேட்டன் கட்சி. கேள்வி நியாயமானது. ஆனால் ஒரு கோல்கீப்பர், பந்து எதிராளியின் காலடியில் இருக்கும்போது அதிலிருந்து கண்ணை எடுக்கலாமா? எங்கள் ஏரியாவில் எட்டு வயசுப் பையன் கூட எடுக்க மாட்டான்.

சேட்டனுக்குச் சாதகமாகவும் ஒன்று தருகிறேன், வைத்துக்கொள்ளட்டும். அந்த ஆட்டத்துக்கு 'ரெஃப்ரி சொன்னதே சட்டம்' என்று மீசை முறுக்கிய நம் ஆட்கள், சரியாகப் பதினைந்தாம் நாள் கோவாவில் நடந்த ஃபைனலில் என்ன செய்தார்கள்? 85-வது நிமிஷம் மோகன் பகானுக்குப் பெனால்டி. ஃபௌல் பெட்டிக்கு வெளியே நடந்தது என்று டிவி முன்னால் குதித்தார்கள். 2-2 ஆகி, பெனால்டி ஷூட் அவுட்டில் தோற்றோம். அன்று ராத்திரி எங்கள் தெருவில் ரெஃப்ரியின் ஏழு தலைமுறைக்கும் அர்ச்சனை நடந்தது. நானும் இரண்டு பூ போட்டேன்.

வாசகர், லிங்கராஜபுரம்: கொடி பிடித்த காலத்தில் லஞ்சம் வாங்கியதுண்டா? உண்மையைச் சொல்லவும்.

ஒரு தரம். ஆட்டம் முடிந்ததும் ஜெயித்த அணியின் செக்ரட்டரி ஹோட்டலுக்குக் கூட்டிப்போய் மசால் தோசை வாங்கித் தந்தார். பாதி சாப்பிட்டிருப்பேன், தோற்ற அணி மொத்தமும் உள்ளே வந்து எதிர் டேபிளில் உட்கார்ந்தது. கையைக் கழுவிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். இவ்வளவுதான் என் ஊழல் வரலாறு, அரைத் தோசை.

வங்கி ஊழியர், ஜீவன் பீமா நகர்: நீங்கள் செய்த தவறுகளில் தூக்கத்தைக் கெடுத்தது எது?

1991. அசோக் நகர் ஃபுட்பால் ஸ்டேடியம். அப்போது புல்லும் மண்ணும்தான், இந்தச் செயற்கைப் புல் பாய் எல்லாம் பிறகு வந்தது.

முதலில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பந்து உதைபடும் நொடியில் ஃபார்வர்டு கடைசித் தடுப்பாட்டக்காரனைத் தாண்டி நின்றால் ஆஃப்சைடு; அதைப் பார்ப்பவனுக்கு இரண்டு இடத்தில் கண் வேண்டும். பந்து எந்த நொடியில் காலை விட்டுக் கிளம்புகிறது என்பது ஒன்று. அதே நொடியில் கோல்கீப்பருக்கு முன்னால் உள்ள கடைசி ஆளுக்கும் ஃபார்வர்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பது இன்னொன்று. பந்தைக் கிளப்புகிறவன் முப்பது, நாற்பது மீட்டர் தள்ளி இருப்பான். கடவுள் நமக்கு இரண்டு கண் கொடுத்தும் இரண்டையும் ஒரே பக்கம் வைத்துவிட்டார். அதனால் நாங்கள் ஒரு தந்திரம் பழகுவோம். கண்ணைக் கோட்டில் வைத்துக்கொண்டு காதால் பந்தைப் பார்ப்பது. 'டப்' என்று உதை கேட்கிற நொடியில் கண்ணில் தெரிகிற படம்தான் தீர்ப்பு. கேலரியில் டமாரம் அடித்தால் அந்த 'டப்'பும் போச்சு.

சரி, கதைக்கு வருகிறேன். 1990 வரைக்கும் தடுப்பாட்டக்காரனுக்குச் சமமாக நின்றாலே ஆஃப்சைடு. அந்த வருஷம் சட்டத்தை மாற்றினார்கள், சமமாக நின்றால் ஆடலாம் என்று. வகுப்பு எடுத்தார்கள், எழுதி வைத்துக்கொண்டேன், பரீட்சையும் பாஸ். ஆனால் பத்து வருஷம் பழகிய கைக்கு யார் வகுப்பு எடுப்பது? மறு வருஷம் ஒரு ஆட்டம், தோற்கிற அணி கீழ் டிவிஷனுக்கு இறங்க வேண்டியது. சாயங்கால வெயில் நேரே முகத்தில். 'டப்' கேட்டது. ஃபார்வர்டு சமமாகத்தான் நின்றான், தோளுக்குத் தோள். மூளை 'சரி, ஓடு' என்றது. கொடி மேலே இருந்தது. எப்படிப் போனது என்று எனக்கே தெரியவில்லை. ரெஃப்ரி ஊதிவிட்டார். பந்து வலைக்குள் உருண்டுகொண்டிருந்தது.

அந்தப் பையன் ஆஸ்டின் டவுன்காரன். திட்டவில்லை, சட்டையைப் பிடிக்கவில்லை. பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டான்: "அண்ணே, ரூல் மாறிடுச்சில்ல?"

அந்த அணி கீழே இறங்கியது. அவர் இப்போது மார்க்கெட்டில் கறிக்கடை வைத்திருக்கிறார். மரியாதையாகத்தான் பேசுவார், டீ சொல்லுவார். அரைக் கிலோ வாங்கினால் எலும்பு மட்டும் எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தி. நானும் கேட்பதில்லை.

கல்லூரி மாணவி, சிவாஜிநகர்: வீடியோ பார்த்துத் தீர்ப்பைச் சரிபார்க்கும் விஏஆர் வந்துவிட்டால் இந்தச் சண்டையெல்லாம் தீர்ந்துவிடாதா, அங்கிள்?

பாதி தீரும்மா. 2010 உலகக் கோப்பையில் ஜெர்மனிக்கு எதிராக இங்கிலாந்தின் லாம்பார்ட் அடித்த பந்து, பாருக்கு அடியில் பட்டுக் கோட்டைத் தாண்டி உள்ளே விழுந்து வெளியே வந்தது. உலகமே பார்த்தது, ரெஃப்ரியும் லைன்ஸ்மேனும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகுதான் கோல் கோட்டுக் கருவிக்கு 2012-ல் அனுமதி கிடைத்து 2014 உலகக் கோப்பையில் வந்தது. பந்து தாண்டியதா இல்லையா என்பதற்கு மெஷின் போதும்.

பந்து கையில் படுகிற ஹேண்ட்ஸ் அப்படி இல்லை. கை இயல்பாக இருந்ததா, வேண்டுமென்றே நீட்டினானா? 2018 உலகக் கோப்பையிலிருந்து விஏஆர் இருக்கிறது, ஆனால் உள்ளே உட்கார்ந்து படம் பார்ப்பவரும் ஒரு ரெஃப்ரிதான். மெதுவாக ஓட்டிப் பார்த்தால் எல்லாக் கையும் குற்றவாளிக் கையாகத்தான் தெரியும். திட்டு வாங்க ஒருவர் இருந்த இடத்தில் இருவர், அவ்வளவுதான். ஆனாலும் வரட்டும் என்பதே என் கட்சி. 1991-ல் இருந்திருந்தால் எனக்கு நல்ல கறி கிடைத்திருக்கும்.

இல்லத்தரசி, மாரத்தஹள்ளி: என் கணவர் ராத்திரி ஒரு மணிக்கு இங்கிலீஷ் லீக் பார்த்துக்கொண்டு ரெஃப்ரியைக் கத்துகிறார். குழந்தை முழித்துக்கொள்கிறது. என்ன செய்ய?

குழந்தையை அவர் மடியில் கொடுத்துவிட்டு நீங்கள் தூங்கப் போங்கள். ரெஃப்ரிக்குக் கேட்காது என்பது ஒரே வாரத்தில் அவருக்குப் புரிந்துவிடும்.

மத்திய அரசு ஊழியர், ஆர்.கே.புரம், டெல்லி: நானும் என் மகனும் டெல்லி டைனமோஸ் ஆட்டங்களுக்கு நேரு ஸ்டேடியத்துக்குப் போவோம். 2019-ல் அந்த அணி புவனேஸ்வர் போய் ஒடிசா எஃப்சி ஆகிவிட்டது. இப்போது ஹைதராபாத் அணி டெல்லிக்கு வந்து ஸ்போர்ட்டிங் கிளப் டெல்லி என்கிறார்கள். மகன் வர மறுக்கிறான். நான் போகலாமா?

சார், உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். நீங்களாவது மாற்றல் உத்தரவு பார்த்த மனுஷர். அதில் 'நிர்வாகக் காரணம்' என்று ஒரு வரியாவது இருக்கும். ரசிகனுக்கு அந்த ஒரு வரியும் கிடையாது.

கணக்கைப் பாருங்கள். புனே அணி கலைந்த இடத்தில் 2019-ல் ஹைதராபாத் முளைத்தது. 2022-ல் கோப்பையே வாங்கியது. அதுதான் இப்போது உங்கள் ஊரில் நிற்கிறது. நடுவில் பஞ்சாப் அணி தன் சொந்த ஆட்டங்களை டெல்லியில் ஆடியது. சென்னை சிட்டி என்று பெயர் வைத்துக்கொண்டு 2018-19 ஐ-லீக் பட்டத்தைக் கோயம்புத்தூரில் இருந்து ஆடி ஜெயித்தார்கள். கோவைக்காரர்கள் 'சென்னை, சென்னை' என்று கத்தினார்கள், பாவம். ஸ்டேடியம் வாடகை, ஸ்பான்சர், ராஜ்ய சர்க்காரின் ஆதரவு எங்கே கிடைக்கிறதோ அங்கே அணி போகிறது. முதலாளி பக்கம் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டேன், நஷ்டத்தில் எத்தனை நாள் ஓட்டுவார்? மும்பையில் மஹிந்திரா யுனைடெட் 2010-ல் இடம்கூட மாறவில்லை, மூடியே விட்டார்கள்.

நான் இளமையில் லெஃப்ட் பேக் ஆடியது ஒரு கம்பெனி அணிக்கு. பெயர் வேண்டாம். ஒரு திங்கட்கிழமை நோட்டீஸ் போர்டில், கேன்டீன் விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில், ஒரு தாள். இந்த சீசனிலிருந்து அணி இல்லை, ஆட்டக்காரர்கள் அவரவர் செக்‌ஷனில் ரிப்போர்ட் செய்யவும். அடுத்த மாதம் ஷாப்புக்குப் போனால் காட்டன் வேஸ்ட் கூடையில் எங்கள் ஜெர்சி. என் மூன்றாம் நம்பரை வைத்து ஒருவர் லேத் துடைத்துக்கொண்டிருந்தார். எண்ணெய் நன்றாக உறிஞ்சுகிறது என்று பாராட்டு வேறு. அன்றைக்குத்தான் ரெஃப்ரி வகுப்புக்குப் பெயர் கொடுத்தேன். ரெஃப்ரி தப்பாக ஊதினால் அடுத்த ஞாயிறு அதே இடத்தில் நின்று அவரைத் திட்டலாம். அணியே போனபின் ஞாயிற்றுக்கிழமை யாரை வைவது?

உங்கள் மகனுக்கு விம்பிள்டன் கதையைச் சொல்லுங்கள், டென்னிஸ் அல்ல. 1988-ல் எஃப்.ஏ. கோப்பை வாங்கிய அணி. 2002-ல் மூன்று பேர் கமிஷன் ஒன்று, இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில், அதை மில்டன் கீன்ஸ் ஊருக்குக் கொண்டுபோக அனுமதித்தது. சுமார் 90 கிலோமீட்டர். இங்கிருந்து கோலார் தங்கவயல் போகிற மாதிரி. ரசிகர்கள் பஸ் பிடித்துப் பின்னால் போகவில்லை. சில வாரத்திலேயே சொந்தமாக ஏஎஃப்சி விம்பிள்டன் தொடங்கி, பொதுப் பூங்காவில் ஆள் தேர்வு நடத்தி, ஒன்பதாம் படி லீக்கில் ஆரம்பித்தார்கள். 2011-ல் நாலாம் படிக்கு ஏறி ஃபுட்பால் லீக்குக்குள் வந்துவிட்டார்கள். 2020-ல் பழைய மைதானம் இருந்த அதே ப்ளோ லேனில் புது ஸ்டேடியம்.

நீங்கள் போங்கள் சார். ஆட்டம் ஆட்டம்தான். ஆனால் மகனை இழுக்காதீர்கள். பழைய டைனமோஸ் சட்டை வீட்டில் இருந்தால் அவன் போட்டுக்கொண்டு கிரிக்கெட் ஆடட்டும், துடைக்க மட்டும் எடுக்காதீர்கள்.

வாசகர், அல்சூர்: நம் பெங்களூர் எஃப்சி ஊரை விட்டுப் போனால் என்ன செய்வீர்கள்?

வாயைக் கழுவுங்கள். 2014-ல் அசோக் நகரிலிருந்து கண்டீரவாவுக்குப் போனதற்கே ஒரு மாசம் கோபித்துக்கொண்டவன் நான். ஆட்டோவில் பத்து நிமிஷம்தான். ஆனால் அங்கே கம்பிக்கு மறுபக்கம் லைன்ஸ்மேன் நிற்பார், அவர் காதுக்கே சேதி சொல்லலாம். இங்கே நடுவில் ஓட்டப்பந்தயப் பாதை ஓடுகிறது. வெஸ்ட் பிளாக் பையன்கள் டமாரம் அடித்துப் பாடுகிறார்கள், நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கென்னவோ திட்டுவதற்குத் தூரம் ஜாஸ்தி.

ஓய்வுபெற்ற ஆசிரியர், காக்ஸ் டவுன்: ரெஃப்ரியைக் குறை சொல்லாமல் தோற்ற ஒரு ஆட்டம் உண்டா?

1948 லண்டன் ஒலிம்பிக்ஸ், பிரான்சிடம் 2-1. முக்கால்வாசிப் பேர் வெறுங்காலோடு ஆடினார்கள். இரண்டு பெனால்டி கிடைத்து இரண்டையும் விட்டோம். நமக்குக் கிடைத்த அந்த ஒரே கோல், ஒலிம்பிக்கில் இந்தியாவின் முதல் கோல், நம் பெங்களூர் சாரங்கபாணி ராமன் அடித்தது. அன்றைக்கு யாரைத் திட்டுவது?

பள்ளி மாணவன், ஆஸ்டின் டவுன்: தாத்தா, எங்கள் மேட்சுக்குக் கொடி பிடிக்க வருவீர்களா?

கண்ணா, நீங்கள் மணிக்கணக்கில் வாடகை கொடுத்து வலைக்கூண்டுக்குள் ஐந்து பேர் ஆடுகிறீர்கள். அந்த ஆட்டத்தில் ஆஃப்சைடே கிடையாது, எனக்கு அங்கே என்ன வேலை? ஆனாலும் போன ஞாயிறு வந்தேனே, பார்க்கவில்லையா? கேட் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தது நான்தான். ஏழு போன், மூன்று வண்டிச் சாவி, ஒரு மூக்குக் கண்ணாடி எல்லாம் என் மடியில்தான் இருந்தது. கண்ணாடியை இன்னும் யாரும் வந்து வாங்கவில்லை.