திப்பி போட்டால் பால் குறையுமா?

கேள்வி: எங்களிடம் இரண்டு ஜெர்சிக் கலப்பின மாடுகள் உள்ளன. மக்காச்சோளமும் கடலைப் புண்ணாக்கும் விற்கிற விலையில் கட்டுப்படியாகாமல், தீவன வியாபாரி சொன்னபடி மரவள்ளித் திப்பியும் அவர் பாக்கிக்குத் தரும் ‘கலப்புப் புண்ணாக்குத் தூளும்’ போட்டு வருகிறோம். வயிறு நிறையத் தின்கின்றன. ஆனால் வேளைக்கு 6 லிட்டர் கறந்த மாடு இப்போது 4 லிட்டர்தான் கறக்கிறது. பால் சொசைட்டியில் எஸ்.என்.எஃப். (பாலில் கொழுப்பு நீங்கலான திடச்சத்து) இல்லையென்று விலையையும் குறைக்கிறார்கள். திப்பியை நிறுத்திவிடலாமா?
(தாராபுரம் பகுதி வாசகி)

பதில்: திப்பியைக் குறைத்தால் போதும். அந்தத் தூளை இன்றோடு நிறுத்துங்கள்.

ஜவ்வரிசி ஆலையில் கிழங்கை அரைத்து, மாவுப்பாலைப் பிழிந்தபின் மிஞ்சும் சக்கைதான் திப்பி. சேலம், நாமக்கல் பக்கத்து ஆலைகளால் நமக்கு மலிவாகக் கிடைக்கிறது. அதில் ஒட்டியிருக்கும் மாவு மாட்டுக்குத் தெம்பு தரும். புரதமோ நூற்றுக்கு 2, 3 பங்குதான். மக்காச்சோளத்தில் 9 பங்கு, நல்ல கடலைப் புண்ணாக்கில் 40க்கு மேல். பாலுக்குத் தெம்பும் வேண்டும், புரதமும் வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் முதலில் பாலின் அளவு இறங்கும், பிறகு எஸ்.என்.எஃப். இறங்கும். மாடு வயிறு நிறைந்து படுத்திருக்கும். மடிக்குத்தான் ஒன்றும் போய்ச் சேராது.

ஒரு கிலோ மக்காச்சோளத்துக்கு ஒரு கிலோ திப்பி என்று மாற்றுவதில்தான் வம்பு. 800 கிராம் திப்பியோடு 200 கிராம் கடலைப் புண்ணாக்கு சேர்த்தால் புரதக் கணக்கு சரியாகிவிடும். அப்படியும் மொத்த அடர்தீவனத்தில் (தானியம், புண்ணாக்கு, தவிடு சேர்ந்த கலவையில்) ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் திப்பி வேண்டாம்.

இனி தூளுக்கு வருவோம். புண்ணாக்கை ஒருவர் எதற்காகத் தூளாக்கி விற்க வேண்டும்? கட்டியாக இருந்தால் உடைத்துப் பார்ப்பீர்கள், முகர்ந்து பார்ப்பீர்கள். தூளுக்குள் திப்பி, உமி, கடலைத்தோல், மண் எது கிடந்தாலும் தெரியாது. திப்பியை ஒருமுறை திப்பி விலைக்கும், மறுமுறை புண்ணாக்கு விலைக்கும் வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்பது என் சந்தேகம். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி ஒரு கரண்டித் தூளைப் போட்டுக் கலக்கிவிட்டுப் பாருங்கள். உமி மேலே மிதக்கும், மணல் அடியில் நறநறவென்று நிற்கும்.

“லேப் ரிப்போர்ட்ல புரதம் இருக்குதுங்களே” என்று வியாபாரி காகிதம் நீட்டலாம். சாதாரணப் பரிசோதனை புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்குகிறது. யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். 100 கிலோ தூளில் 5 கிலோ யூரியா கலந்தால் காகிதத்தில் புரதம் 14 சதவீதம் கூடிவிடும்; மாட்டுக்கோ உயிருக்கே ஆபத்து. ஒரு சிட்டிகைத் தூளையும் வறுக்காத சோயா மாவையும் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து மூடி, அரைமணி கழித்துத் திறங்கள். விடியற்காலை ஆட்டுப்பட்டியில் மூக்கில் ஏறும் நெடி போல வந்தால் யூரியா இருக்கிறது.

இதற்கும் அவரிடம் பதில் இருக்கும்: “கவர்மென்டே யூரியா போடச் சொல்லுதுங்க.” உண்மைதான், ஆனால் அது வைக்கோலுக்கு. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடி வைக்க வேண்டும். அதற்குள் யூரியா அம்மோனியாவாக மாறி வைக்கோலில் இறங்கிவிடும். பிரித்தபின் ஆறவிட்டு, நெடி போனபிறகு, வளர்ந்த மாட்டுக்கு மட்டும், சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு அதுவும் ஆகாது. அளவும் தெரியாமல், மூடிவைத்த நாளும் இல்லாமல் மூட்டைக்குள் தூவிய யூரியா அந்தக் கணக்கில் வரவே வராது.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. மாதிரி கொடுக்கும்போது புரதத்தோடு யூரியா, மணல், அஃப்ளாடாக்சின் என்கிற பூஞ்சை நச்சு ஆகியவற்றையும் தனித்தனியே பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மாடு வைத்திருப்பவர் வேலையை விட்டுவிட்டு நாமக்கல் போய்வர வேண்டும், ரிப்போர்ட் வருவதற்குள் மூட்டையே தீர்ந்துவிடும். தினம் காலையில் உங்கள் பாலை அளந்து காசைப் பிடிக்கத் தெரிகிற ஏற்பாட்டுக்கு, அந்தப் பாலுக்கு ஆதாரமான மூட்டையை ஊரிலேயே அளக்க மட்டும் வழி தெரியவில்லை. பெரிய கோழிப் பண்ணைகள் ஈரமும் பூஞ்சையும் பார்த்து மக்காச்சோள லாரியைத் திருப்பி அனுப்புகின்றன. திரும்பிய சரக்கு எங்கே போகும், யார் வீட்டுத் தொட்டிக்கு வரும் என்று நீங்களே யோசியுங்கள். பூஞ்சை பிடித்த தீவனத்தின் நச்சு பாலிலும் இறங்கும், காய்ச்சினாலும் போகாது. ஐப்பசி, கார்த்திகையில் களத்தில் சரியாகக் காயாத திப்பியைத் தொடவே தொடாதீர்கள்.

மூட்டை விலையை மட்டும் பார்த்து மலிவு என்று நினைக்க வேண்டாம். தூள் கிலோ 25 ரூபாய், புரதம் 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ புரதத்துக்கு 250 ரூபாய் ஆகிறது. கடலைப் புண்ணாக்கு 50 ரூபாய், 40 சதவீதம் என்றால் 125 ரூபாய்தான்.

காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் தேங்காய் எண்ணெய் ஆலைகளுக்கா பஞ்சம்? அக்கம்பக்கத்தில் நான்கு வீட்டார் சேர்ந்து ஆலையிலேயே புண்ணாக்கு எடுங்கள். காறல் வாடை அடித்தால் வேண்டாம். கடலைப் புண்ணாக்கைக் கட்டியாகவே வாங்கி, உடைத்துப் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள்.

100 கிலோ கலவைக்கு: மக்காச்சோளம் 20, திப்பி 15, கடலைப் புண்ணாக்கு 20, தேங்காய்ப் புண்ணாக்கு 12, கோதுமைத் தவிடு 20, துவரம் பொட்டு அல்லது உளுந்தம் பொட்டு 10, தாது உப்புக் கலவை 2, உப்பு 1. புரதம் 17 சதவீதத்தை ஒட்டி வரும். நாளுக்கு மாட்டின் உடம்புக்கு ஒன்றரைக் கிலோ, அதற்குமேல் கறக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் 400 கிராம். இப்போது நாளுக்கு 8 லிட்டர் என்றால் 4.7 கிலோ, பால் ஏற ஏறக் கூட்டுங்கள். பசுந்தீவனமும் சோளத்தட்டும் வழக்கம்போல. பத்து நாளில் மெல்ல மாற்றுங்கள்.

கன்று போட்டு எத்தனை மாதம் என்று நீங்கள் எழுதவில்லை. ஏழெட்டு மாதம் ஆகியிருந்தால் பால் குறைவது இயல்பு. மடியில் வீக்கம், பாலில் திரிதல் இருந்தால் முதலில் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

மிச்சமுள்ள தூளைக் கன்றுக்கோ வெள்ளாட்டுக்கோ தள்ளிவிட வேண்டாம். மூட்டையைத் திருப்பிக் கொடுத்துப் பாக்கியில் கழிக்கச் சொல்லுங்கள். மறுத்தால், தூளில் என்னென்ன எத்தனை பங்கு என்று பில்லில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.