பாட்டி எறியும் பந்து

அன்புள்ள ஐயா,

டல்லாஸுக்கு வேலைக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. எங்கள் டீமில் அறுபதைத் தாண்டிய ஒருவர் இருக்கிறார். மதியம் சாப்பிட உட்கார்ந்தால் போதும், பேஸ்பால், அமெரிக்க ஃபுட்பால், கூடைப்பந்து, ஐஸ் ஹாக்கி என்று பழைய ஆட்டக்காரர்களின் பெயர்களாகக் கொட்டுவார். நான் தலையை ஆட்டிக்கொண்டே தயிர்சாதம் சாப்பிடுவேன். ஒருநாள் வீம்புக்கு அவர் சொன்ன பெயர்களின் புள்ளிவிவரங்களை எல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போய் ஒப்பித்தேன். சிரித்துவிட்டார். கிரிக்கெட் மாதிரி இதுவும் கணக்குதானே? நான் எங்கே தொடங்க வேண்டும்?

ஆர்., டல்லாஸ்

அன்புள்ள ஆர்.,

அவர் சிரித்ததில் தப்பில்லை. நானும் அங்கே இருந்த காலத்தில் இதே காரியத்தைச் செய்து இதே சிரிப்பை வாங்கியிருக்கிறேன், அதுவும் வாடகை கொடுக்கப் போன இடத்தில். வீட்டுக்காரரிடம், பேஸ்பாலும் ஃபுட்பாலும் சேர்த்து ஆடிய போ ஜாக்சன் பேஸ்பாலில் மொத்தம் 141 ஹோம் ரன் (நம்ம ஊர் சிக்ஸர் மாதிரி) என்று பெருமையாகச் சொன்னேன். "அதனால் என்ன, அதைவிட அதிகம் அடித்தவர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்களே" என்றார். அப்புறம் சமையலறைக் கூடையிலிருந்து ஒரு வெங்காயத்தை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார்.

1989 ஜூன், சியாட்டில். பத்தாவது இன்னிங்ஸ், ஸ்கோர் சமம். ஜாக்சனின் எதிரணியில், முதல் பேஸில் (ஓட்டக்காரர் சுற்றிவர வேண்டிய நிலைகளில் முதலாவது) நிற்கும் ஹரால்ட் ரெனால்ட்ஸ் நல்ல ஓட்டக்காரர். பந்து இடதுபக்கச் சுவர்வரை போய்விட்டது, அவர் மட்டைக்காரர் நிற்கும் 'ஹோம்' வரை வந்து சேர்ந்தால் ஆட்டம் முடிந்தது, எல்லாரும் முடிந்தது என்றே நினைத்துவிட்டார்கள். சுவரில் பட்டுத் திரும்பிய பந்தை ஜாக்சன் வெறுங்கையால் பிடித்தார், ஓடிவந்து எறியக்கூட இல்லை, நின்ற வாக்கில் திரும்பி விட்டார் ஓர் எறி. சுமார் 300 அடி, நடுவில் தரையைத் தொடாமல் நேராக ஹோமில் நிற்கும் கேட்சர் (நம்ம விக்கெட் கீப்பர் மாதிரி) கைக்கு. ரெனால்ட்ஸ் அவுட். இதைச் சொல்லும்போது வீட்டுக்காரர் சோபாவுக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவில் நின்று உடம்பைத் திருப்பிக் காட்டினார், வெங்காயம் அவர் கையைவிட்டுப் போகாதது என் அதிர்ஷ்டம். ஸ்கோர் அட்டையில் அந்த எறிக்கு என்ன மதிப்பு தெரியுமா? ஓர் 'அசிஸ்ட்', அதாவது அவுட்டுக்கு உதவியது. ஒன்று என்ற எண், அவ்வளவுதான்.

அதே மைதானத்தில்தான் 1987 நவம்பரில் ஃபுட்பால் உடையில் 91 கஜம் ஓடி, எல்லைக்கோட்டைத் தாண்டியும் நிற்காமல் சுரங்கப்பாதைக்குள்ளேயே போய் மறைந்தார். ஃபுட்பாலை அவர் பொழுதுபோக்கு என்று வேறு சொல்லிவைத்திருந்தார், சக ஆட்டக்காரர்களுக்கு எரிந்திருக்காதா! 1991 ஜனவரியில் இடுப்பு போயிற்று. செயற்கை இடுப்பு வைத்துக்கொண்டு 1993-ல் திரும்பி வந்து, முதல் முறை மட்டை பிடித்தபோதே ஹோம் ரன். ஆனாலும் மொத்தக் கணக்கு சின்னது. பேஸ்பால், தொழில்முறை ஃபுட்பால் இரண்டின் தேசிய ஹால் ஆஃப் ஃபேமிலும் (பெரிய ஆட்டக்காரர்களின் கௌரவப் பட்டியல்) அவர் இல்லை. கண்ணால் பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லித்தான் அவர் இருக்கிறார்.

சரி, எண்ணுக்கு மதிப்பே இல்லையா என்றால் அப்படியும் இல்லை. கூடைப்பந்தில் வில்ட் சேம்பர்லின் 1962 மார்ச் 2 அன்று ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்தார். பென்சில்வேனியாவில் ஹெர்ஷி என்ற சாக்லேட் ஊர், கூட்டம் 4,124 பேர், தொலைக்காட்சி கிடையாது. ஒரு காகிதத்தில் '100' என்று கையால் எழுதி அவரிடம் கொடுத்துப் படம் எடுத்தார்கள், இன்றைக்கும் எல்லாரும் பார்ப்பது அந்தப் படத்தைத்தான். ஆனால் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. அவருக்கு ஃப்ரீ த்ரோ வராது. ஆளில்லாத கூடையில் நின்று நிதானமாகப் போட வேண்டிய பந்து, ஏழடி மனிதர் தவறவிடுவார். அந்த சீசனில் இரண்டு கையாலும் கால்களுக்கு நடுவிலிருந்து மேலே தூக்கிப் போட்டுப் பார்த்தார். 'பாட்டி எறிவது' என்று கேலி செய்வார்கள் அந்த முறையை. ஹெர்ஷியில் 32-ல் 28 உள்ளே போயிற்று! பிறகு, பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று கூச்சப்பட்டு விட்டுவிட்டார், பழையபடி தவறவிட ஆரம்பித்தார். இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு அந்த 100 ஒரு மனிதன் எடுத்ததாகத் தோன்றியது.

இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும், கர்ட் ஃபிளட். செயின்ட் லூயிஸ் பேஸ்பால் அணியின் அருமையான ஃபீல்டர். 1969-ல் அவரைக் கேட்காமலேயே பிலடெல்பியாவுக்கு மாற்றிவிட்டார்கள், போக மாட்டேன், நான் வாங்கி விற்கும் பொருள் இல்லை என்று பேஸ்பால் நிர்வாகத் தலைவரான கமிஷனருக்குக் கடிதம் எழுதி வழக்கும் போட்டார். ஆண்டுக்கு 90,000 டாலர் வாங்கிய கறுப்பின ஆட்டக்காரர் இப்படிச் சொன்னதைப் பலரால் பொறுக்க முடியவில்லை. விசாரணையில், பேஸ்பாலின் நிறத்தடையை உடைத்து ஓய்வும் பெற்றிருந்த ஜாக்கி ராபின்சன் வந்து சாட்சி சொன்னார். அப்போது ஆடிக்கொண்டிருந்த ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. 1972-ல் உச்ச நீதிமன்றத்தில் 5-3 என்று தோற்றார், அவருடைய ஆட்டமும் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. 1975 கடைசியில் வேறு இரண்டு பந்துவீச்சாளர்களுக்கு, தகராறை விசாரித்த மத்தியஸ்தரின் தீர்ப்பில், தங்கள் அணியைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் கிடைத்தது. இன்று கோடிகளில் ஒப்பந்தம் போடுகிறவர்களில் எத்தனை பேர் அவரை நினைக்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகம்தான்.

ஐஸ் ஹாக்கியில் கார்டி ஹோவைத் தேடிப் பாருங்கள். 52 வயதை எட்டிய சீசனில் 80 ஆட்டமும் ஆடினார், சொந்த மகன்களோடு ஒரே அணியில். அதற்கு மேல் ஹாக்கியில் எனக்கு விவரம் போதாது.

உங்கள் நண்பரிடம் இனி எண்ணைச் சொல்லாதீர்கள். சியாட்டில் எறியை டிவியில் பார்த்தாரா என்று மட்டும் கேளுங்கள். ஒரு மணிக்கு மீட்டிங் இருக்கிற நாளில் கேட்க வேண்டாம். பக்கத்தில் வெங்காயமும் இருக்க வேண்டாம்.