குண்டு மிளகாயையும் நாகா மிளகாயையும் மாடியில கிராஸ் பண்ண முடியுமா?

கேள்வி: மதுரையில மாடித்தோட்டம் வச்சிருக்கேன். குண்டு மிளகாய் நாலஞ்சு செடி இருக்கு, ஆன்லைன்ல விதை வாங்கிப் போட்ட நாகா மிளகாய், அதான் பூத் ஜொலோகியா, ரெண்டு செடி இருக்கு. பாக்க குண்டு மாதிரி உருண்டையா, காரத்துல நாகா மாதிரி ஒரு மிளகாய் எடுக்கணும்னு ஆசை. போன சீசன்ல நாகா பூவைப் பறிச்சு குண்டு பூ மேல தேய்ச்சு விட்டேன். காய் பிடிச்சுது, பழுத்ததும் கடிச்சுப் பாத்தா வழக்கமான குண்டு மிளகாய்தான். பூவும் நிறைய கொட்டுது. எங்க தப்பு நடந்துச்சு?

பதில்: நீங்க பண்ண கிராஸ் நல்லபடியா முடிஞ்சிருந்தாலும் அந்தக் காய் குண்டு மிளகாயாத்தான் இருந்திருக்கும். தோல், சதை, உள்ள இருக்கிற வெள்ளை நரம்பு, காரம் எல்லாமே தாய்ச்செடியோட உடம்பு, அப்பா பக்கத்துல இருந்து வந்தது விதைக்குள்ள இருக்கிற கரு மட்டும்தான். வயித்துல புள்ள வந்ததும் அம்மா முகம் மாறிடுமா என்ன? அந்த விதையைப் போட்டு, அது செடியாகி, அதுல காய்க்கிற காயிலதான் நாகாவோட குணம் தெரியும். கடிச்சுப் பாத்துட்டு விதையைத் தூக்கிப் போட்டிருந்தீங்கன்னா நீங்க தேடினதையே குப்பையில போட்டிருக்க வாய்ப்பு இருக்கு.

வாய்ப்புன்னுதான் சொல்றேன், ஏன்னா பூவைப் பூ மேல தேய்ச்சா கிராஸ் ஆச்சான்னு யாராலயும் சொல்ல முடியாது. மிளகாய்ப் பூவுல ஆணும் பெண்ணும் ஒண்ணாத்தான் இருக்கு. விரிஞ்ச கொஞ்ச நேரத்துல மகரந்தப்பை வெடிச்சு தன் தூளைத் தன் மேலயே கொட்டிக்கும், நீங்க நாகா பூவோட போறதுக்குள்ள அங்க வேலை முடிஞ்சிருக்கும். அதனால விரிஞ்ச பூவைத் தொடவே தொடாதீங்க, மறுநாள் காலையில விரியப் போற மொட்டுதான் வேணும்.

சாயங்காலமா செடிகிட்ட உக்காந்து பாருங்க. நல்லா கொழுத்து, வெள்ளையா, பச்சைக் கிண்ணத்தை விட்டு வெளிய நீண்டு, ஆனா இதழ் நுனி இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கிற மொட்டா எடுத்துக்கங்க. கூர்மையான ட்வீசரை ஸ்பிரிட்ல தொட்டுத் துடைச்சுட்டு இதழைப் பக்கவாட்டுல பிடிச்சு மெதுவா இழுங்க. மிளகாயில மகரந்தப்பையோட காம்பு இதழ் அடியிலதான் ஒட்டியிருக்கும், அதனால பாதி நேரம் இதழ் வரும்போதே அதுவும் கூட வந்துடும், மிச்சம் இருக்கிறதை ஒண்ணொண்ணா கிள்ளுங்க, அஞ்சோ ஆறோதான் இருக்கும். நீலம் கலந்த ஊதாவா, மூடி இருந்தா சரி. ஓரத்துல பிளந்து வெள்ளைத் தூள் தெரிஞ்சா அந்த மொட்டு வேண்டாம், அடுத்ததுக்குப் போங்க. கடைசியா நடுவுல ஒரே ஒரு குச்சி நிக்கும், நுனியில சின்னதா பிசுபிசுன்னு பளபளக்கும், அதுல நகமோ ட்வீசரோ பட்டா அவ்வளவுதான். மொபைல் கேமராவை ஜூம் பண்ணிப் பாத்தா நல்லாத் தெரியும்.

மறுநாள் காலையில நாகா செடியில புதுசா விரிஞ்ச பூவைப் பறிச்சு, வெடிச்ச மகரந்தப்பையை ட்வீசர்ல பிடிச்சு அந்த நுனியில தடவுங்க, தூள் ஒட்டுனது கண்ணுக்கே தெரியணும். நாகா பூவை முந்தின நாளே மொட்டுல பை போட்டு வைக்கிறது நல்லது, இல்லன்னா தேனீயோ எறும்போ வேற எந்தச் செடித் தூளையாவது அதுல கொண்டு வந்து வச்சிருக்கும். கல்யாண வீட்டுத் தாம்பூலப் பைக்குப் போடுறாங்களே வலைத்துணிப் பை, அதுல சின்ன சைஸ் போதும். தடவின பூவுக்கும் அதையே மாட்டி, காம்புல கலர் நூல் கட்டி, சீட்டுல தாய் பேரை முதல்லயும் அப்பா பேரை அடுத்தும் தேதியோட எழுதிடுங்க. எந்தக் கிளையில பண்ணுறீங்களோ அந்தக் கிளையில ஏற்கனவே இருக்கிற காயையும் மத்த பூவையும் கிள்ளி விடுங்க, காய் தொங்குற கிளை புதுப் பூவை அவ்வளவா மதிக்காது. ஒரு வாரத்துக்குள்ள காம்பு மஞ்சளாகி விழுந்தா ஃபெயில், காம்பு பச்சையாவே தடிச்சா பிடிச்சிருச்சு, அப்ப பையை எடுத்துடலாம் ஆனா நூலை எடுக்காதீங்க.

உங்க ஜோடியில இன்னொரு சிக்கலும் இருக்கு. குண்டு மிளகாய் கேப்சிகம் ஆன்னம் இனம், நம்ம சம்பா மிளகாய், குடமிளகாய் எல்லாம் அதே இனம்தான். நாகா வேற இனம், கேப்சிகம் சைனென்ஸ், அதுல காந்தாரி இனத்தோட கலப்பும் கொஞ்சம் உண்டு. பூவைப் பாத்தாலே வித்தியாசம் தெரியும், குண்டுல ஒரு கணுவுக்கு ஒரு பூ, சுத்த வெள்ளை, நாகாவுல ஒரே கணுவுல ரெண்டு மூணு பூ, லேசா பச்சை கலந்த வெள்ளை. இந்த ரெண்டு இனமும் சேரும், ஆனா ஒரே இனத்துக்குள்ள சேர்ற மாதிரி சுலபமா சேராது. நிறைய பூ விழும், பிடிச்ச காயிலயும் விதை கம்மியா, சிலது சப்பையா இருக்கும். அதனால ஒண்ணு ரெண்டு பூவோட நிறுத்தாம முடிஞ்ச அளவு நிறைய பூவுல பண்ணுங்க, நாகாவைத் தாயா வச்சும் சில பூ பண்ணிப் பாருங்க, ஒரு பக்கம் ஒத்து வராதது மறுபக்கம் வரலாம். கை பழகணும்னா முதல்ல குண்டையும் சம்பாவையும் கிராஸ் பண்ணிப் பாருங்கன்னுதான் நான் சொல்வேன், அதுவே ருசியான மிளகாய் கொடுக்கும்.

பூ கொட்டுறதுக்கு வர்றேன். மதுரை வெயில்ல ஏப்ரல், மே மாசத்துல மிளகாய் பூ கொட்டத்தான் செய்யும். பகல் 35 டிகிரி தாண்டினாலோ, ராத்திரி சூடு 24 டிகிரிக்குக் கீழ இறங்கலைன்னாலோ மகரந்தம் சரியா வேலை செய்யாது, மொட்டைமாடித் தரை ராத்திரி பூரா சூட்டைக் கக்கிக்கிட்டே இருக்கும் வேற. தேங்காய்ப்பாலும் மோரும் கலந்து புளிக்க வச்ச தேமோர் கரைசல் தெளிச்சா பூ நிக்கும்னு சொல்வாங்க, செடிக்கு நல்லதுதான், ஆனா ராத்திரிச் சூட்டுக்கு எந்தக் கரைசலும் மருந்தில்ல. கிராஸ் வேலையை நவம்பர்ல இருந்து பிப்ரவரிக்குள்ள வச்சுக்கங்க. நாகா முளைக்கவே ரெண்டு மூணு வாரம் எடுக்கும், வளர்ச்சியும் ஸ்லோ, அதனால நாகாவை ஜூன் கடைசி ஜூலையில போட்டுட்டு குண்டை ஒண்ணரை மாசம் கழிச்சுப் போட்டா ரெண்டும் ஒரே நேரத்துல பூக்கும். நாகா வடகிழக்குல ஈரமான காத்துல வளர்ந்த செடி, மதியத்துக்கு மேல நிழல்வலை இருந்தா சந்தோஷமா இருக்கும்.

குளிர் மாசத்துலயும் பூ கொட்டுதுன்னா ஒரு வெள்ளைப் பேப்பரை அடியில பிடிச்சு பூவைத் தட்டுங்க, ஊசிமுனை அளவுக்குக் கறுப்பா நெளிஞ்சுக்கிட்டு ஏதாவது ஓடினா அது இலைப்பேன். 2021-ல ஆந்திரா, தெலங்கானா மிளகாய்க் காட்டையெல்லாம் ஒரு கை பாத்த புது வகை இலைப்பேன் முக்கியமா பூவுக்குள்ளதான் குடியிருக்கும், அது இருக்கிற மொட்டுக்கு நீங்க பை மாட்டினா பூச்சிக்கு ஏசி ரூம் போட்டுக் கொடுத்த கணக்கு. நீல ஒட்டுப்பொறி தொங்க விடுங்க, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலோட சாயங்காலம் அடிங்க, ஆனா தடவுற நாள்லயும் அதுக்கு முந்தின நாளும் வேண்டாம். இலை மேல் பக்கமா சுருண்டா பெரும்பாலும் பேன், கீழ் பக்கமா குடை மாதிரி கவிழ்ந்தா மைட்னு சொல்ற, கண்ணுக்குச் சரியாத் தெரியாத குட்டிச் சிலந்தி, அதுக்கு நனையும் கந்தகம் (வெட்டபிள் சல்ஃபர்) தான் கேக்கும், வேப்பெண்ணெய் அடிச்ச கையோட கந்தகம் அடிக்காதீங்க, இலை கருகிடும், நடுவுல ரெண்டு வாரமாவது இடைவெளி விடுங்க. யூரியா மாதிரி தழைச்சத்தைக் கொட்டினாலும் செடி கரும்பச்சையா தழைச்சு நிக்கும், பூவை மட்டும் உதறிடும்.

சரி, கிராஸ் காய் பழுத்து லேசா சுருங்கற வரைக்கும் செடியிலயே விடுங்க, விதையை எடுத்து நிழல்ல காயவச்சு காகிதக் கவர்ல போட்டு பேர் எழுதுங்க. அடுத்த சீசன்ல போடுற இந்த விதைக்குப் பேர் எஃப்1. இதுல நாலஞ்சு செடி போதும், ஏன்னா எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும், குண்டுக்கும் நாகாவுக்கும் நடுவுல ஒரு உருவம். முளைச்ச செடி அச்சு அசலா குண்டாவே இருந்தா கிராஸ் ஆகல, தன் தூளே பட்டிருக்குன்னு அர்த்தம், பிடுங்கிடுங்க. இதை நாத்துலயே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு, அப்பாச் செடி ஊதாத் தண்டு உள்ள ரகமா இருந்து தாய் பச்சைத் தண்டா இருந்தா, நிஜ கிராஸ் விதை முளைக்கும்போதே தண்டுல ஊதா ஏறி வரும். உங்க ஜோடிக்கு இது உதவாது, அழகுக்கு வளர்க்கிற ஊதா மிளகாயை வச்சுப் பண்றவங்களுக்கு ரொம்ப வசதி.

எஃப்1 பாத்துட்டு நிறைய பேர் இதுதான் நம்ம புது ரகம்னு பேர் வச்சுடறாங்க, அது தப்பு. அதோட விதையைப் போட்டா வர்ற எஃப்2-லதான் எல்லாம் கலைஞ்சு விதவிதமா வரும், உருண்டை, நீளம், சொரசொரப்பு, காரம் கம்மி, காரம் பயங்கரம்னு ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. நீங்க கேக்கிற குணம் ரெண்டு ஒடுங்கிய ஜீன்ல, அதாவது அப்பா அம்மா ரெண்டு பக்கமும் இருந்து வந்தாத்தான் வெளிய தெரியிற ஜீன்ல, இருக்குன்னு வச்சுக்கிட்டாலே 16 செடிக்கு ஒண்ணுதான் அப்படி வரும், மூணுன்னா 64-க்கு ஒண்ணு, நிஜத்துல உருவமும் காரமும் அதை விட அதிக ஜீன் கையில இருக்கு. மாடியில அத்தனை பெரிய பை வைக்க முடியாது, அதனால எஃப்2-வை மட்டும் சின்னப் பையில நெருக்கமா வச்சு முதல் சில காய் பாத்ததும் பிடிக்காததை எடுத்துடுங்க, மிச்சத்துல நல்லதைப் பெரிய குரோ பேக்குக்கு மாத்துங்க. சொந்தக்காரங்க மாடியிலயும் கொஞ்சம் வளர்க்கச் சொல்லலாம், விதைக்கு விடுற பூவுக்குப் பை மாட்டுவாங்கன்னு நம்பிக்கை இருந்தா.

எஃப்1-ல பூ பூத்துப் பூத்துக் கொட்டி, மகரந்தப்பையில தூளே இல்லாம இருந்தா பயப்படாதீங்க, ரெண்டு இனம் கலந்தா மலட்டுத்தன்மை கொஞ்சம் வரும். குண்டோட தூளை எடுத்து எஃப்1 பூவுல தடவுங்க. காரம் கொஞ்சம் இறங்கும், ஆனா விதை கிடைக்கும், உருண்டை உருவமும் சீக்கிரம் பிடிபடும். உங்க ஆசைக்கு இது நேர் வழியாவே கூட அமையலாம்.

அப்புறம் ஒவ்வொரு தலைமுறையும் பிடிச்ச செடியில பை மாட்டி, தன் தூள்லயே விதை எடுத்துப் போகணும். அப்பா பக்க ஜீனும் அம்மா பக்க ஜீனும் வேற வேறயா இருக்கிற கலப்பு ஒவ்வொரு தடவையும் பாதியாகும், எஃப்2-ல 50 சதவீதம், எஃப்3-ல 25, எஃப்4-ல 12.5, அப்படியே போய் எஃப்8-ல ஒரு சதவீதத்துக்கும் கீழ. அதுக்கப்புறம்தான் விதை போட்டா அதே மிளகாய் வரும்னு தைரியமா சொல்லலாம். 2007-ல பூத் ஜொலோகியா பத்து லட்சம் ஸ்கோவில் (காரத்தை அளக்கிற அலகு) தாண்டி கின்னஸ்ல ஏறுச்சு, 2013-ல எட் கர்ரிங்கிறவர் உருவாக்கின கரோலினா ரீப்பர் மிளகாய் கின்னஸ்ல வந்துச்சு, அதே எட் கர்ரி 2023-ல பெப்பர் எக்ஸ்ஸைக் கொண்டு வந்தாரு, 26 லட்சத்துக்கு மேல. அமெரிக்காவுல பண்ணையே வச்சு அதையே தொழிலா பண்ற ஆளுக்கே ஒரு கின்னஸ் சாதனைக்கும் அடுத்ததுக்கும் நடுவுல பத்து வருஷம்.

காரம் பாக்கிறதுக்கு ஒரு முறை வச்சுக்கங்க. எஃப்2 காயை நேரா வாயில வைக்காதீங்க, எது நாகா மாதிரி வந்திருக்குன்னு வெளியில தெரியாது. காரம் இருக்கிறது நடு நரம்புலதான், விதையில இல்ல, நரம்பு உரசி விதை காரமாகுது அவ்வளவுதான். அதனால நரம்போட சேத்து அரிசி அளவு துண்டு நறுக்கி ஒரு கரண்டி தயிர்ல மசிச்சு நாக்கு நுனியில தொட்டுப் பாருங்க, எல்லாச் செடிக்கும் அதே அளவு தயிர், அதே அளவு துண்டு. தண்ணி கம்மியா விட்ட செடியில காரம் ஏறும், ஒப்பிடுற செடிக்கெல்லாம் ஒரே மாதிரி தண்ணி விட்டாத்தான் கணக்கு சரியா வரும். கிளவுஸ் கட்டாயம், பட்டுட்டா முதல்ல எண்ணெய் தேய்ச்சு அப்புறம் சோப்பு, கண்ணுல லென்ஸ் போடுறவங்க அந்த வேலை பக்கமே வராதீங்க.

இன்னொரு சந்தேகம் உங்களுக்கு வந்தே தீரும்: நாகா பக்கத்துல இருக்கிறதால வீட்டுச் சாம்பாருக்குப் பறிக்கிற குண்டு மிளகாய் காரம் ஏறிடுமா? ஏறாது. குடமிளகாய் பக்கத்துல வச்சாலும் இந்த வருஷக் காய் இனிப்பாத்தான் இருக்கும். ஆனா அதே குடமிளகாய் விதையை எடுத்து அடுத்த வருஷம் போட்டீங்கன்னா, தேனீ வந்து போயிருந்தா, காரமான குடமிளகாய் கிடைக்க வாய்ப்பு உண்டு, ஏன்னா காரம்ங்கிறது ஓங்கிய குணம், ஒரு பக்கம் இருந்தாலே போதும். அதனால சமையலுக்கு பறிக்கிற செடிக்கு ஒண்ணும் வேண்டாம், விதைக்குன்னு ஒதுக்குற கிளைக்கு மட்டும் மொட்டுலயே பை மாட்டி, காலையில ரெண்டு தட்டு தட்டி விடுங்க, காத்தும் தேனீயும் இல்லாத குறைக்கு அது போதும்.