பத்துப் பேர் சேர்ந்து நடத்தும் மரப்பட்டறைக்கு 2 குதிரைத்திறன் தூசி உறிஞ்சி போதுமா?

புக்கிட் மெர்தாஜாமில் கடைவீட்டுக் கீழ்த்தளம், பத்து உறுப்பினர்கள், டேபிள் சா, பிளேனர், பேண்ட் சா, கைச் சாண்டர்கள். 2 குதிரைத்திறன் போதுமா, 3 வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

குதிரைத்திறனை அப்புறம் பார்ப்போம். முதலில் கருவியில் தூளை வடிகட்டும் பையைப் பாருங்கள். பட்டர்வொர்த்தில் நாங்களும் இப்படி ஒரு பட்டறை நடத்துகிறோம். முதலில் வாங்கியது துணிப்பை வைத்த 2 குதிரைத்திறன் கருவி. தரையில் சீவலே இல்லை, எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். மூன்று மாதம் கழித்து ஓர் இரவு கரண்ட் போனது. ஒருவர் கைபேசி விளக்கை அடித்தார். கடைசி இயந்திரத்தை நிறுத்தி அரை மணி நேரம் ஆகியிருந்தது. அந்த வெளிச்சத்தில் தூள் இன்னும் மிதந்துகொண்டிருந்தது, புகைமூட்டக் காலத்தில் பினாங்குப் பாலம் தெரியுமே, அப்படி.

விற்றவரிடம் கேட்டபோதுதான் பை 30 மைக்ரான் வரைதான் பிடிக்கும் என்று தெரிந்தது (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). நுரையீரலின் அடிவரை போகும் தூள் 10 மைக்ரானுக்கும் கீழே. அதாவது சீவலைப் பிடித்துக்கொண்டு, கெட்டதை மட்டும் சலித்து எங்கள் மூக்குக்கே ஊதியிருக்கிறது. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995-லேயே சேர்த்துவிட்டது. எனவே 1 மைக்ரான் அல்லது அதற்கும் நுண்ணிய வடிகட்டி. விளம்பரத்தில் மைக்ரான் கணக்கே இல்லையென்றால் வாங்காதீர்கள்.

இன்னொரு வழியும் நமக்கு உண்டு. குளிர் நாட்டுக்காரர்கள் சூடான காற்று வீணாகும் என்று வடிகட்டிய காற்றை உள்ளேயே விடுகிறார்கள். நமக்கென்ன, ஏர்கானா ஓடுகிறது? காற்றைச் சுழற்றித் தூளைப் பிரிக்கும் சைக்ளோன் ஒன்றை வைத்துப் பெருந்தூளை டிரம்மில் இறக்கிவிட்டு, மிச்சக் காற்றைப் பின்சந்துப் பக்கம் வெளியேற்றலாம். நாங்கள் செய்து பார்த்தோம். உள்ளே காற்று அருமையாக இருந்தது. பின்வீட்டு அம்மாவின் துணிக்கொடி அப்படி இல்லை. மெர்பாவ் மரம் அறுத்த அன்று அவர் வெள்ளைப் போர்வையோடு வந்து நின்றார். அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை. சைக்ளோனை வைத்துக்கொண்டு வடிகட்டிக்கே திரும்பினோம். உங்கள் பின்பக்கம் வெறும் வாய்க்கால் என்றால் தாராளமாக வெளியே விடுங்கள்.

குழாயில் கஞ்சத்தனம் வேண்டாம். 6 அங்குலக் குழாயின் வாய் 4 அங்குலத்தைப் போல இரண்டே கால் மடங்கு. முதன்மைக் குழாய் 6, மழமழப்பானது. நெளிகுழாய் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு முழம் போதும். சாண்டர்களை இதில் மாட்டவே வேண்டாம். அவற்றின் சிறு வாய்க்கு அழுத்தம் அதிகமுள்ள வேக்குவம்தான் சரி, அதுவும் எம் வகுப்பு (மரத்தூள் போன்ற நடுத்தர ஆபத்துள்ள தூளுக்கான தரம்) வடிகட்டியோடு. மிக நுண்ணிய தூள் அங்கேதான் கிளம்புகிறது.

பொதுப் பட்டறையில் உண்மையான தலைவலி மனிதர்கள். ஒவ்வோர் இயந்திரத்தின் குழாயிலும் காற்றை அடைக்கும் கதவு ஒன்று, கேட் என்பார்கள், இருக்கும். தனி ஆள் என்றால் வேலை முடிந்ததும் அந்தக் கேட்டை மூடுவார். பத்துப் பேரில் இரண்டு பேர் நிச்சயம் மறப்பார்கள். பேண்ட் சா கேட் திறந்தே கிடக்கும், பிளேனரில் இழுவை இருக்காது. கேட்டிலேயே சுவிட்ச் வைத்துவிட்டோம்: திறந்தால் கருவி ஓடும், எல்லாம் மூடினால் நிற்கும். சத்தம் தாங்காமல் அவர்களாகவே மூடுகிறார்கள். டிரம் நிறைந்ததைக் கவனிக்காவிட்டால் தூள் முழுக்க வடிகட்டிக்குப் போய் அடைத்துக்கொள்ளும். எங்களுக்கு இரண்டு முறை அடைத்தது. இப்போது டிரம் மூடியில் கண்ணாடி போலத் தெரியும் அக்ரிலிக் துண்டு ஒன்று. சீவலைக் கோழி வளர்ப்பவர் ஒருவர் எடுத்துப் போகிறார், எம்.டி.எஃப். (மரநாரைப் பசையோடு அழுத்திய பலகை) அறுத்த தூள் மட்டும் தனிப் பையில், குப்பைக்கு. இரும்பு அரைக்கும் கிரைண்டரை இதே குழாயில் யாரும் மாட்டக் கூடாது, தூள் பற்றிக்கொள்ள ஒரு பொறி போதும்.

சரி, குதிரைத்திறன். யூடியூபில் அமெரிக்கர் சொல்லும் காற்றளவை அப்படியே நம்பாதீர்கள். அங்கே 60 ஹெர்ட்ஸில் 3,450 சுற்று சுற்றும் மோட்டார் இங்கே 50 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 2,850 தான். அதே விசிறியென்றால் காற்றில் ஆறில் ஒரு பங்கு போச்சு. அதனால் 3 வாங்குங்கள். ஆனால் அது கிளம்பும்போது மின்சாரத்தை ஒரே இழுப்பாக இழுக்கும். சுவரிலிருக்கும் 13 ஆம்ப் பிளக்கில் செருகாமல், வயர்மேனைக் கூப்பிட்டுத் தனி லைன் போடச் சொல்லுங்கள்.