இலவச வி.பி.என். யாருக்குக் காவல்?

அன்புள்ள சார்,

கல்லூரி மாணவன் நான். தனியுரிமை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் இரண்டையும் அழித்துவிட்டேன். இப்போது சிக்னலும் ஸ்நாப்சாட்டும்தான். கூடுதல் பாதுகாப்புக்கு ஓர் இலவச வி.பி.என். செயலியும் போட்டிருக்கிறேன். போட்டி நிறுவனத்துக்கு மாறிவிட்டால் பழைய நிறுவனத்தால் என்னைக் கவனிக்க முடியாதுதானே?

ஒரு வாசகன், தஞ்சாவூர்

அன்புள்ள தம்பிக்கு,

செயலிகளை மாற்றியது சரி. எனக்கு உறுத்துவது அந்த வி.பி.என்.தான்.

ஓனாவோ என்று ஓர் இஸ்ரேலிய நிறுவனம் இருந்தது. உங்கள் பழைய நிறுவனமான ஃபேஸ்புக் (இப்போது மெட்டா) 2013 அக்டோபரில் அதை வாங்கியது. அதன் 'ஓனாவோ புரொடெக்ட்' செயலியும் இலவச வி.பி.என்.தான், உங்கள் தகவலைப் பாதுகாக்கிறோம் என்றுதான் அதுவும் சொன்னது. வி.பி.என். போட்டால் போனிலிருந்து வெளியே போவதெல்லாம் அந்த நிறுவனத்தின் சர்வர் வழியாகத்தான் போகும். பூட்டிய செய்திக்குள் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. ஆனால் எந்தச் செயலியை எத்தனை முறை திறந்தீர்கள், எவ்வளவு நேரம் அதில் இருந்தீர்கள் என்பது தெரியும். எதிர்க்கடையில் எவ்வளவு கூட்டம் என்று தெரிந்தால் போதாதா வியாபாரிக்கு? வாட்ஸ்அப்பின் வளர்ச்சியை ஃபேஸ்புக் இப்படித்தான் கவனித்துவந்தது. 2014 பிப்ரவரியில் 1,900 கோடி டாலருக்கு அதை வாங்குவதாக அறிவித்தது. ஓனாவோ கணக்கை வைத்து ஃபேஸ்புக் போட்ட வரைபடங்களை 2018 டிசம்பரில் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு ஒன்று வெளியிட்டது.

ஸ்நாப்சாட் கதை இதைவிட மோசம். அதன் தகவல் போக்குவரத்து மறைகுறியாக்கப்பட்டு, அதாவது பூட்டப்பட்டு, இருப்பதால் நமக்கு ஒன்றும் தெரிவதில்லை, நம்பகமான கணக்குக்கு ஒரு வழி கண்டுபிடியுங்கள் என்று 2016 ஜூனில் மார்க் ஸக்கர்பெர்க் மின்னஞ்சல் அனுப்பினார். கிடைத்த வழி இதுதான்: ஃபேஸ்புக் நடத்திய ஆய்வில் சேர்ந்தவர்களின் போனில் அது தானே தயாரித்த ஒரு டிஜிட்டல் சான்றிதழை நிறுவுவது. அது இருந்தால் ஃபேஸ்புக்கின் சர்வர், 'நான்தான் ஸ்நாப்சாட்' என்று போனிடம் சொல்லும். போனும் நம்பிப் பூட்டைத் திறந்துவிடும். ஸ்நாப்சாட்டின் சின்னம் பேய் உருவம் அல்லவா, அதனால் திட்டத்துக்குக் 'கோஸ்ட்பஸ்டர்ஸ்' (பேய் விரட்டிகள்) என்று பெயர். பின்னால் யூடியூப், அமேசான் பக்கமும் நீண்டது. விளம்பரதாரர்கள் தொடுத்த வழக்கின் ஆவணங்கள் 2024 மார்ச்சில் பொதுவெளிக்கு வந்தபோதுதான் இந்த விவரமெல்லாம் தெரிந்தது. நிறுவனத்துக்குள்ளேயே பாதுகாப்புப் பிரிவின் மூத்தவர் ஒருவர் இது சரியில்லை என்று எழுதியிருக்கிறார். கேட்டார்களா என்ன!

ஆக, உங்கள் கேள்விக்குப் பதில்: கவனிக்க முடியும், கவனித்தும் இருக்கிறார்கள். போட்டிச் செயலியின் பயனர்களைத்தான் கவனித்தார்கள். அதற்குக் கதவைத் திறந்துவிட்டது பயனர்களே நிறுவிய ஒரு காவல் செயலி. ஆப்பிள் தன் கடையிலிருந்து ஓனாவோவை எடுக்கவைத்தது 2018 ஆகஸ்டில். மக்களைத் தவறாக வழிநடத்தியதற்காக ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2023இல் மெட்டாவின் இரண்டு துணை நிறுவனங்களுக்கு மொத்தம் 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. 1,900 கோடியோடு ஒப்பிட்டால் டீச்செலவுதான்.

மெட்டாவை மட்டும் சொல்லவில்லை. ஆண்ட்ராய்டு பிரவுசரில் நீங்கள் பார்க்கும் தளங்களை அதே போனில் இருக்கும் செயலிக்கு ரகசியமாகச் சொல்லும் ஒரு வேலையை மெட்டா, ரஷ்யத் தேடுபொறி நிறுவனமான யாண்டெக்ஸ் இரண்டுமே செய்ததை 2025 ஜூனில் ஆய்வாளர்கள் வெளிக்கொண்டுவந்தார்கள். பிரவுசரின் ரகசிய முறையான இன்காக்னிட்டோவில் போனாலும் அப்போது தப்ப முடியவில்லை. அதற்கு அந்தச் செயலி போனில் இருக்க வேண்டியிருந்தது என்பதால், அழித்தது உங்களுக்கு நல்லதாகப் போயிற்று.

இப்போது போனை எடுங்கள். ஆண்ட்ராய்டு போனில் வி.பி.என். ஓடினால் மேலே ஒரு சாவிப் படம் தெரியும். அதை நடத்துவது யார், காசு எங்கிருந்து வருகிறது என்று தேடிப்பாருங்கள். தெளிவான பதில் கிடைக்காவிட்டால் அழித்துவிடுங்கள். அப்புறம் பாதுகாப்பு அமைப்புகளில் பயனர் சான்றிதழ்கள் என்ற இடத்தையும் பாருங்கள். நீங்கள் எதையும் நிறுவாதபோது அது காலியாக இருக்க வேண்டும்.

இன்னொன்று. அம்மா போனில் வாட்ஸ்அப் இருந்து, தொடர்புப் பட்டியலுக்கு அனுமதியும் கொடுத்திருந்தால் உங்கள் எண்ணும் பட்டியலோடு வாட்ஸ்அப்புக்குப் போயிருக்கும். அதற்காக அம்மாவிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.