ஆன்டெனா ஆராய்ச்சிக்குப் போகலாமா? முதலில் ஒரு பேட்ச் ஆன்டெனா செய்து பாருங்கள்

மின்காந்தவியலில் மதிப்பெண் சுமார்தான், ஆனாலும் 6ஜி ஆன்டெனா ஆராய்ச்சியில் ஆசை என்கிறீர்கள். மதிப்பெண் பெரிய தடையில்லை. ஆனால் டிரான்ஸ்மிஷன் லைன் (அலையைக் கொண்டுசெல்லும் கம்பி), ஸ்மித் சார்ட் (இம்பிடன்ஸைப் படமாகக் காட்டும் வரைபடம்), இம்பிடன்ஸ் மேட்சிங் (அலை திரும்பாதபடி இரு பக்கத்தையும் பொருத்துவது), ஆன்டெனா அர்ரே (பல ஆன்டெனாக்களின் அணி) ஆகிய நான்கையும் தேர்வுக்காக இல்லாமல், கணக்குப் போட்டுப் புரியும்வரை மறுபடி படித்தே ஆகவேண்டும்.

கூடவே ஒரு பேட்ச் ஆன்டெனாவை, அதாவது பலகைமேல் தட்டையான செம்புத் துண்டாக அமையும் ஆன்டெனாவை, உங்கள் கையாலேயே செய்யுங்கள். 1.6 மி.மீ. தடிமனுள்ள எஃப்ஆர்4 (கண்ணாடியிழை சர்க்யூட்) பலகையில் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு அகலம் சுமார் 38 மி.மீ., நீளம் சுமார் 29 மி.மீ. வரும். சிமுலேஷனுக்கு ஓப்பன்இஎம்எஸ் என்ற இலவச மென்பொருள் போதும். பலகை வந்ததும் கேபிளை மாட்ட எஸ்எம்ஏ கனெக்டரைப் பற்றவைத்து, வெக்டர் நெட்வொர்க் அனலைசரில் அளந்து பாருங்கள். அனுப்பிய அலையில் எவ்வளவு திரும்பிவருகிறது என்பதை ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் வளைவாகக் காட்டும் கருவி அது.

பெரும்பாலும் அளவீடு சிமுலேஷனோடு ஒத்துப்போகாது. சிமுலேஷனில் பலகைப் பொருளின் மின்காப்பு மாறிலியை (dielectric constant) 4.4 என்று போட்டிருப்பீர்கள். பலகையில் அது 4.2 ஆக இருந்தால் ஒத்ததிர்வு 50 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் நகர்ந்துவிடும். இந்தப் பேட்ச் நன்றாக வேலை செய்யும் அலைக்கற்றை அகலமே ஏறக்குறைய அவ்வளவுதான். கேபிள் நுனியில் கேலிப்ரேஷன் (அளவைச் சரிப்படுத்துதல்) செய்யாதது, ஈயம் திரண்டு நிற்பது, அளக்கும்போது கை பக்கத்தில் இருப்பது எல்லாம் வளைவை மாற்றும்.

இன்னொரு பொறியும் உண்டு. எஸ்11, அதாவது திரும்பிவரும் அலையின் அளவு, மைனஸ் 10 டெசிபெல்லுக்குக் கீழே போனால் 90 சதவீதத்துக்கு மேல் திறன் உள்ளே போகிறது. அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். ஒரு 50 ஓம் மின்தடையை மாட்டினாலும் எஸ்11 அருமையாக வரும், ஆனால் அலை எதுவும் வெளியே போகாது. எஃப்ஆர்4 திறனை வெப்பமாக இழக்கும் பலகை என்பதால் இதே மயக்கத்தைத் தரும். கெயினும் (ஒரு திசையில் எவ்வளவு குவித்து அனுப்புகிறது) எஃபிஷியன்சியும் (உள்ளே போன திறனில் எவ்வளவு அலையாக வெளியேறுகிறது) அளக்காத ஆன்டெனா முடிந்த வேலை ஆகாது.

அதிர்வெண் கூடினால் சிக்கலும் கூடும். 28 கிகாஹெர்ட்ஸில் பேட்ச் நீளம் 3 மி.மீ. சொச்சம்தான். 0.1 மி.மீ. வெட்டுப்பிழை 2.4 கிகாஹெர்ட்ஸில் 8 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கே நகர்த்தும். 28 கிகாஹெர்ட்ஸிலோ ஏறத்தாழ 3 சதவீதம், அதாவது 0.8 கிகாஹெர்ட்ஸ் தள்ளிவிடும். 64 பேட்ச்களை அணியாக அடுக்கினால் கெயின் கொள்கையளவில் 18 டெசிபெல் கூடும். ஆனால் ஒவ்வொன்றின் அலைக் கட்டத்தையும் (phase) சரிசெய்ய வேண்டும், வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். இதற்கெல்லாம் கணக்கு நிறையப் போடவேண்டும் என்பதால் பைதானோ மேட்லேபோ ஒன்றில் கை பழகியிருக்க வேண்டும்.

6ஜி என்றாலே டெராஹெர்ட்ஸ் (ஆயிரம் கிகாஹெர்ட்ஸ்) என்று எண்ணிவிடாதீர்கள். 2027 உலக ரேடியோ மாநாட்டின் நிகழ்ச்சிநிரலில் 7.125–8.4, 14.8–15.35 கிகாஹெர்ட்ஸ் பட்டைகளும் இருக்கின்றன. வேலைக்கு அருகில் இருக்கும் ஆராய்ச்சி இந்தப் பக்கம்தான் என்பது என் கணிப்பு.

மென்பொருள் துறையோடு ஒப்பிட்டால் இடங்கள் குறைவு. வடிவமைப்புப் பணிக்கு முதுநிலைப் பட்டம் எதிர்பார்ப்பார்கள். அதே திறமை கைபேசி, பேஸ் ஸ்டேஷன், செயற்கைக்கோள் முனையம், 77 கிகாஹெர்ட்ஸ் கார் ரேடார் ஆகியவற்றுக்கும் செல்லும் என்பது பலம்.

ஆய்வகம் தேர்ந்தெடுக்கும்போது எதிரொலியற்ற அறை (அலைகள் சுவரில் பட்டுத் திரும்பாத அளவீட்டு அறை) இருக்கிறதா, அனலைசர் எந்த அதிர்வெண்வரை அளக்கும், மாணவருக்கு அளவீட்டு நேரம் கிடைக்குமா என்று கேளுங்கள். சிமுலேஷன் படங்களோடு முடிந்த ஆய்வேடுகளே நிறைந்த இடம் வேண்டாம். வழிகாட்டிக்கு எழுதும்போது, உங்கள் பேட்சின் சிமுலேஷன் வளைவையும் அளந்த வளைவையும் ஒரே படத்தில் போட்டு, இடைவெளிக்கான காரணத்தை நான்கு வரியில் எழுதி இணையுங்கள்.