ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல் துருப்பிடித்த கம்பி: விற்றவரா, கட்டியவரா, ஆய்வு செய்தவரா?

கேள்வி: வேளச்சேரிக்கு அருகே, 18 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பில் மேல்தளத்து வீடு ஒன்றை 2024 ஜூனில் 68 லட்சம் ரூபாய்க்கு வாங்கினேன். விற்றவர் அதன் முதல் உரிமையாளர். பில்டரிடம் 2021 டிசம்பரில் சாவி வாங்கியவர். ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில்) பதிவான திட்டம். வாங்குவதற்கு முந்தைய மாதம், வீட்டு ஆய்வு நிறுவனம் ஒன்றுக்கு 12,000 ரூபாய் கொடுத்து வீட்டைப் பார்க்கச் சொன்னேன். ‘நீர்க்கசிவு தென்படவில்லை’ என்று புகைப்படங்களுடன் அறிக்கை தந்தார்கள். 2025 நவம்பர் மழையில் படுக்கையறையின் ஃபால்ஸ் சீலிங் ஊறித் தொங்கியது. கழற்றிப் பார்த்தால், கூரைத்தளத்தின் அடியில் கான்கிரீட் பெயர்ந்து துருப்பிடித்த கம்பிகள் தெரிகின்றன. யாரோ சிமென்ட் வைத்து ஒட்டிய தடமும் இருக்கிறது. விற்றவர் 2023-லேயே குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் இதைப் பற்றிப் பில்டரிடம் புகார் செய்ததைப் பக்கத்து வீட்டுக்காரர் காட்டினார். கிரயப் பத்திரத்திலோ, ‘சொத்தை நேரில் பார்த்து, உள்ளது உள்ளபடி திருப்தியடைந்து’ வாங்கியதாக எழுதியிருக்கிறது. யார்மீது வழக்குத் தொடரலாம்? என் அண்ணன், ‘பூசி, பெயின்ட் அடித்து, வந்த விலைக்குத் தள்ளிவிடு’ என்கிறார். அது சரியா? – வாசகி, சென்னை

பதில்: முதலில் அந்த அறையில் யாரும் படுக்க வேண்டாம். கான்கிரீட் பெயர ஒருமுறை தொடங்கிவிட்டால் அடுத்த துண்டு எப்போது விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. தளத்துக்குத் தற்காலிகமாக முட்டுக் கொடுக்க வேண்டுமா என்பதை ஒரு கட்டமைப்புப் பொறியாளர் இந்த வாரமே வந்து பார்த்துச் சொல்லட்டும்.

அடுத்து, உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு தேதிதான் இந்த விவகாரத்தின் உயிர்நாடி: 2021 டிசம்பர். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் 14(3) என்ற பிரிவு இருக்கிறது. கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை இருந்து, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் அது பில்டரின் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டால், அவர் 30 நாட்களுக்குள் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். தவறினால் இழப்பீடு தர வேண்டும். இந்த ஐந்து ஆண்டுகள் நீங்கள் பத்திரம் பதிந்த நாளிலிருந்து ஓடுவதாக நினைத்துக்கொண்டு பலர் காலத்தைத் தவறவிடுகிறார்கள். முதல் உரிமையாளரிடம் சாவி கொடுத்த நாளிலிருந்து ஓடுவதாகவே வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் உங்கள் கெடு 2026 டிசம்பரில் முடிகிறது. வழக்கை அதற்குள் தொடுத்தாக வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. குறையைத் தெரிவித்திருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. விற்றவர் 2023-இல் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியே அந்த அறிவிப்பு என்று வாதிட இடம் உண்டு. ஆனால் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். புகைப்படங்களை இணைத்து, உங்கள் பெயரில் எழுத்துப்பூர்வமான நோட்டீஸ் ஒன்றை ஸ்பீடு போஸ்டில் சேர்ப்பித்த அத்தாட்சியுடனும் மின்னஞ்சலிலும் உடனே அனுப்புங்கள்.

‘வீட்டை உங்களுக்கு நான் விற்கவில்லையே’ என்று பில்டர் பதில் எழுதுவார். எழுதாத பில்டரை நான் பார்த்ததில்லை. அந்தச் சட்டத்தின் 2(d) பிரிவு, ஒதுக்கீடு பெற்றவர் (பில்டரிடமிருந்து வீட்டைப் பெற்றவர்) என்பதற்குள் விற்பனை மூலமோ வேறு வகையிலோ பின்னால் அதைப் பெற்றவரையும் சேர்த்திருக்கிறது. வாடகைதாரருக்குத்தான் இடமில்லை. நுகர்வோர் வழக்கு ஒன்றில் 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றமும், பின்னால் வாங்கியவர் என்ற ஒரே காரணத்துக்காக நிவாரணத்தை மறுக்க முடியாது என்று சொல்லியிருக்கிறது. அது, வீடு ஒப்படைக்கப்படும் முன்பே கைமாறிய வழக்கு. உங்களுடையது குடியேறிய பிறகு கைமாறியது. இந்த வித்தியாசத்தைப் பில்டரின் வழக்கறிஞர் பிடித்துக்கொள்வார். ஆனாலும் ஐந்தாண்டுப் பொறுப்பு கட்டடத்தின் தரத்துக்கானது, முதலில் வாங்கியவர் விற்றுவிட்டதால் அது கரைந்துவிடாது என்பதே என் உறுதியான கருத்து.

இதில் இரண்டு கதவுகளைத் தட்ட வேண்டியிருக்கும். சரிசெய்து தர உத்தரவு வேண்டுமென்றால் ரெரா ஆணையத்திடம் புகார். இழப்பீடு வேண்டுமென்றால் அதே சட்டப்படி நியமிக்கப்படும் தீர்ப்பளிக்கும் அலுவலரிடம் தனி மனு. 12, 14, 18, 19 ஆகிய பிரிவுகளின் கீழான இழப்பீட்டை முடிவுசெய்யும் அதிகாரம் அந்த அலுவலருக்கே உரியது என்று 2021 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. உங்கள் வீட்டின் கூரையாக இருக்கும் மொட்டைமாடித் தளம் பொதுப் பகுதி என்பதால் சங்கத்தையும் உடன் சேர்த்துக்கொள்ளுங்கள். சங்கமும் புகார் கொடுக்கலாம் என்று 31-ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் வீட்டுக்கு மேல் இப்படி இருந்தால் அதே தளத்தில் மற்ற வீடுகளுக்கு மேலும் இருக்க வாய்ப்பு அதிகம். அவர்களும் இதற்குள் ஃபால்ஸ் சீலிங் போட்டு மூடியிருக்கலாம்.

பொறியாளர் அறிக்கையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இத்தகைய வழக்குகள் பெரும்பாலும் சட்டப் பிரிவுகளில் தோற்பதில்லை, அறிக்கையில்தான் தோற்கின்றன. ‘கம்பி துருப்பிடித்திருக்கிறது’ என்று புகைப்படமே சொல்லிவிடும். ஏன் துருப்பிடித்தது என்பதைத்தான் அறிக்கை சொல்ல வேண்டும். மொட்டைமாடியில் பதித்த தட்டோடுகள் விரிசல் விட்டுத் தண்ணீர் இறங்கியதாலா? கம்பிக்கு அடியில் இருக்க வேண்டிய கான்கிரீட் கவர் குறைவாகப் போட்டதாலா? அல்லது கலவையிலேயே உப்பு இருந்ததாலா? கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 456-இன்படி மிதமான சூழலுக்கே கவர் 30 மி.மீ. வேண்டும், கடுமையான சூழல் என்றால் 45 மி.மீ. கம்பி போட்ட கான்கிரீட்டில், துருவுக்குக் காரணமாகும் உப்புப் பொருளான குளோரைடு ஒரு கனமீட்டருக்கு 0.6 கிலோவைத் தாண்டக் கூடாது. தண்ணீர் இறங்கியதுதான் காரணம் என்றால், ‘சங்கம் மாடியைப் பராமரிக்கவில்லை, டிஷ் ஆன்டெனாவுக்குத் துளை போட்டார்கள்’ என்று பில்டர் நழுவ இடமிருக்கிறது. கவர் குறைவு, கலவையிலேயே உப்பு என்றால் கட்டியவரைத் தவிர வேறு யாரும் பொறுப்பாக முடியாது. 2022 பிப்ரவரியில் குருகிராமில் ஓர் அடுக்குமாடியின் தளங்கள் அடுத்தடுத்துச் சரிந்து இருவர் இறந்தார்கள். அதை ஆராய்ந்த டெல்லி ஐஐடி, கான்கிரீட்டிலேயே குளோரைடு கலந்திருந்ததைக் கண்டறிந்தது. அப்படிப்பட்ட கட்டடத்தில் மேலோட்டமான பூச்சு எத்தனை முறை போட்டாலும் உள்ளே துரு நிற்காது. ஆகவே கவர் மீட்டர் (கம்பியை மூடிய கான்கிரீட்டின் கனத்தை அளப்பது), ஹாஃப் செல் (கம்பி துருப்பிடிக்கும் வாய்ப்பை அளப்பது), கான்கிரீட் தூளில் குளோரைடு ஆகிய மூன்று சோதனைகளையும் கேட்டுச் செய்யச் சொல்லுங்கள். சிஎம்டிஏவில் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தில்) பதிவுபெற்ற கட்டமைப்புப் பொறியாளரிடமே செய்யுங்கள். பெயர்ந்து விழுந்த கான்கிரீட் துண்டுகளைத் தேதி எழுதிப் பையில் போட்டு வையுங்கள்.

இதெல்லாம் முடியும்வரை பழுதுபார்க்காதீர்கள். காத்திருக்க முடியாத அளவுக்கு ஆபத்து என்றால், ‘இன்ன தேதியில் பழுதுபார்க்கப் போகிறேன், அதற்குள் உங்கள் பொறியாளரை அனுப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று பில்டருக்கும் விற்றவருக்கும் எழுதிவிட்டு, வேலை நடக்கும்போது கட்டம் கட்டமாகப் படமெடுத்துச் செய்யுங்கள். சாட்சியத்தை அழித்துவிட்டீர்கள் என்ற பழி அப்போது உங்கள்மீது வராது.

இனி விற்றவர். அவர் தனிநபர், தான் குடியிருந்த வீட்டை விற்றவர். அவர்மீது ரெராவிலும் நுகர்வோர் ஆணையத்திலும் புகார் நிற்காது. உரிமையியல் நீதிமன்றம்தான். 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 55(1)(a) பிரிவு: சொத்தில் உள்ள முக்கியமான குறை தனக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், சாதாரண எச்சரிக்கையோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், விற்பவர் அதைச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் விடுவது மோசடி என்று அதே பிரிவின் இறுதியில் எழுதியிருக்கிறது. விற்றவருக்குத் தெரியும் என்பதை அவருடைய 2023 செய்தி காட்டுகிறது. சிமென்ட் ஒட்டும் அதன்மேல் போட்ட ஃபால்ஸ் சீலிங்கும் அதற்கு மேலே போகின்றன. குறை தெரிந்த பிறகு ஃபால்ஸ் சீலிங் போட்டார் என்று நிறுவ முடிந்தால், அது பேசாமல் இருந்தது மட்டுமல்ல, திட்டமிட்டு மறைத்தது. ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு இதைத் தனியாகவே மோசடி என்கிறது. அந்த ஃபால்ஸ் சீலிங் எப்போது போடப்பட்டது என்பதை, அதைப் போட்ட தச்சரையும் பில்லையும் தேடிப் பிடித்தாவது உறுதிசெய்யுங்கள்.

பத்திரத்தில் உள்ள ‘உள்ளது உள்ளபடி’ வாசகத்தைப் பார்த்துப் பயந்திருக்கிறீர்கள். அது, கண்ணுக்குத் தெரிந்த குறைகளுக்காகப் பின்னால் சண்டை போடாமல் இருக்க எழுதுவது. மறைத்து வைத்த மோசடிக்கு அது கவசம் ஆகாது.

இங்கேதான், பயனற்றது என்று நீங்கள் தூக்கி எறிய நினைக்கும் அந்த ஆய்வு அறிக்கை முக்கியமாகிறது. ‘நன்றாகப் பார்த்து வாங்கியிருக்கலாமே’ என்பதுதான் விற்றவர் சொல்லக்கூடிய ஒரே வலுவான பதில். பணம் கொடுத்து ஆட்களை அழைத்து வந்து காட்டியும் தெரியவில்லை என்றால், சாதாரண எச்சரிக்கைக்கு அதைவிடப் பெரிய சான்று எதுவும் இல்லை. ஆனால் அதே ஆய்வு நிறுவனத்தின்மீது, ‘எளிதில் கண்டுபிடித்திருக்க வேண்டியதைக் கோட்டைவிட்டார்கள்’ என்று நீங்களே வழக்குத் தொடுத்தால், அந்த வாசகத்தைக் கத்தரித்து விற்றவரின் வழக்கறிஞர் தன் பதிலுரையில் சேர்த்துக்கொள்வார். நிபுணரின் கடமையும் சாதாரண வாங்குபவரின் எச்சரிக்கையும் வேறு வேறு அளவுகோல்கள் என்று நாம் பதில் சொல்லலாம்தான். ஆனாலும் மனுவில் ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டு எழுத வேண்டியிருக்கும். கோபத்தில் மூன்று பேருக்கும் ஒரே வாசகத்தில் நோட்டீஸ் அனுப்பிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அந்த நிறுவனத்தின்மீது வழக்கு உண்டா என்றால், உண்டு. கட்டணம் வாங்கிச் செய்த சேவையில் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரை செலுத்திய சேவைகளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. காலவரம்பு இரண்டு ஆண்டுகள். அறிக்கைத் தேதியிலிருந்து கணக்கிட்டால் 2026 மே மாதத்தோடு முடிகிறது. மழையில்தான் தெரிந்தது என்று 2025 நவம்பரிலிருந்து கணக்கிட வாதிடலாம், ஆனால் அதற்கு இடம் வைக்காமல் இருப்பதே நல்லது. வெற்றி வாய்ப்பு அறிக்கையின் கடைசிப் பக்கங்களைப் பொறுத்தது. ‘மூடப்பட்ட பகுதிகள் பார்க்கப்படவில்லை’, ‘எங்கள் பொறுப்பு கட்டணத் தொகைக்கு மேல் போகாது’ என்ற வரிகள் அங்கே இருக்கின்றனவா பாருங்கள். இருந்து, அதில் நீங்கள் கையெழுத்தும் போட்டிருந்தால் பெரிய தொகையை எதிர்பார்க்காதீர்கள். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலேயும் ஈரமானி வைத்துச் சோதித்ததாக எழுதியிருந்தால் நிலைமை வேறு. இந்தியாவில் வீட்டு ஆய்வாளருக்கு உரிமம் வழங்கும் சட்டம் எதுவும் இல்லை. யார் வேண்டுமானாலும் பெயர்ப்பலகை மாட்டிவிடலாம் என்ற நிலை எனக்குக் கவலை தருகிறது. வாங்கப் போகிற மற்றவர்கள், ஆய்வுக்கு வருபவர் பொறியாளரா என்று கேளுங்கள். ஃபால்ஸ் சீலிங்கில் ஒரு பலகையையாவது கழற்றிக் காட்ட விற்பவரிடம் கேளுங்கள். மறுத்தால் அந்த மறுப்பை அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். வங்கி கடன் கொடுத்துவிட்டதாலேயே கட்டடம் நன்றாக இருக்கிறது என்று நினைக்காதீர்கள். வங்கி பார்ப்பது பட்டாவும் வில்லங்கமும் சந்தை விலையும்தான்.

உங்களுக்கு நான் சொல்லும் வரிசை இது: பில்டருக்கு உடனே நோட்டீஸ், பொறியாளர் அறிக்கை கைக்கு வந்ததும் விற்றவருக்கு நோட்டீஸ், ஆய்வு நிறுவனத்தைப் பற்றி மே மாதத்துக்கு முன் முடிவு. விற்றவர்மீதான உரிமையியல் வழக்குக்கு மூன்று ஆண்டுகள். மோசடி என்பதால் தெரியவந்த நாளிலிருந்து கணக்கிடலாம் என்று காலவரையறைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொன்னாலும், பத்திரத் தேதியிலிருந்து எண்ணி 2027 ஜூனுக்குள் தாக்கல் செய்துவிடுங்கள். கிரயத்தையே ரத்து செய்யக் கேட்பதைவிடப் பழுதுச் செலவு, மதிப்பிழப்பு, வெளியே குடியிருக்கும் காலத்துக்கான வாடகை ஆகியவற்றை இழப்பீடாகக் கேட்பது நல்லது. ரத்து என்று போனால், 7 சதவீத முத்திரைத்தீர்வை, 2 சதவீதப் பதிவுக்கட்டணம் என்று நீங்கள் கட்டிய 6 லட்சத்துக்கும் மேலான தொகைக்கும், வங்கிக் கடனுக்கும் தனியாகப் போராட வேண்டும். காவல் நிலையப் புகாரில் அவசரப்பட வேண்டாம். வாட்ஸ்அப் செய்திகளைப் பக்கத்து வீட்டுக்காரர் தன் போனிலிருந்து அழிக்காமல் வைத்திருக்கட்டும். 2023-இன் புதிய சாட்சியச் சட்டம் 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழில் அவர் கையெழுத்திட வேண்டியிருக்கும்.

அண்ணன் சொன்ன யோசனைக்கு வருகிறேன். அவர் உங்கள் நல்லதுக்காகவே சொல்லியிருப்பார். ஆனால் நீங்கள் விற்கும் நாளில் 55(1)(a) உங்களைக் கட்டும். உங்களிடம் பொறியாளர் அறிக்கை இருக்கிறது, நோட்டீஸ் இருக்கிறது, இந்தக் கடிதமும் இருக்கிறது. தெரியாது என்று சொல்ல உங்களுக்கு வழியே இல்லை. அதைவிட முக்கியமாக, அந்தத் தளத்தின்கீழ் நாளை ஒரு குழந்தை தூங்கும். விற்கத்தான் வேண்டுமென்றால் முறையாகப் பழுதுபார்த்து, பொறியாளரின் அறிக்கையையும் பழுதுபார்த்த விவரத்தையும் விற்பனை ஒப்பந்தத்தோடு இணைத்து, வாங்குபவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டு விற்றுவிடுங்கள். விலை சில லட்சங்கள் குறையலாம். வழக்கில் அந்தத் தொகையை மதிப்பிழப்பாக நீங்கள் கேட்டுப் பெற இடமிருக்கிறது.

வழக்கு நடக்கும்போதும் மாதத் தவணையை நிறுத்தாதீர்கள். கட்டடத்தின் குறையைச் சொல்லி வங்கிக்கு நீங்கள் பாக்கி வைக்க முடியாது. தவணை தவறினால் வங்கி வீட்டின்மீதே நடவடிக்கை எடுக்கும். பில்டரோடு நடத்த வேண்டிய போராட்டத்துக்கு நடுவில் அதையும் நீங்கள் சமாளிக்க வேண்டியிருக்கும்.